பதிவேட்டில் இல்லாத பற்றிமா

“அப்படி ஒரு மாணவி எங்கள் பதிவேட்டில் இல்லை.”

இங்கிலாந்திலிருந்து வந்த மின்னஞ்சலை மேல்மாடியில் குடியிருக்கும் ஹரிஷா மூன்றாம் முறையாகத் தமிழில் சொன்னாள். பேர்சி நம்பவில்லை.

“வடிவாப் பாருங்கோ பிள்ளை. பற்றிமா பொய் சொல்ற ஆளில்லை.”

பேர்சியின் மனைவி பற்றிமா இறந்து எட்டு மாதம் ஆகிறது. கலியாணம் பேசும்போது தொலைபேசியில், “லிங்கன்ஷயரிலை ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்திலை மூண்டு வருசம் இருந்தனான்” என்று சொன்னவள். அன்று தொடங்கியது பேர்சியின் பெருமை. சுவிஸில், பேர்ண் ஆஸ்பத்திரிக் குசினியில் தட்டுக் கழுவுகிற தனக்கு இப்படியொரு பாக்கியமா என்று, கோயிலில் கைகுலுக்கியவர்களிடமெல்லாம், “என்ரை மனிசி இங்கிலாந்திலை படிச்சவ” என்பார். பற்றிமா தேத்தண்ணி போடுகிற சாட்டில் எழும்பிப் போய்விடுவாள்.

விவசாயிகளின் பிள்ளைகளுக்காக எழுபது வருடத்துக்கு முன் கட்டிய அந்தப் பள்ளியை இப்போது மூடுகிறார்கள். அதன் வரலாற்றைப் புத்தகமாக்கப் பழைய மாணவர்களைத் தேடினார்கள். பேர்சி ஹரிஷாவைக் கொண்டு பற்றிமாவின் பெயரை எழுதி அனுப்பியிருந்தார். பேர்ண் மயானத்தில் கல்லறைக்கு இருபது வருடம்தான் தவணை. பிறகு கல்லை எடுத்துவிடுவார்கள்.

“புத்தகத்தை ஆரும் கிண்டி எடுக்கமாட்டினம்” என்றார் பேர்சி. “தமிழ்ப் பிள்ளை எண்டு பேரை விட்டிட்டீங்களோ எண்டு எழுதுங்கோ.”

ஹரிஷா தயங்கித் தயங்கி எழுதினாள். வரலாறு எழுதும் ஓய்வுபெற்ற ஆசிரியர் கார்ட்டர் பதறிப்போனார். பக்கம் நிறைய மன்னிப்புக் கேட்டு, 1992ஆம் ஆண்டு வகுப்பில் பற்றிமாவைச் சேர்த்துவிட்டு, அவளைப் பற்றி ஒரு நினைவும் கேட்டார்.

பேர்சிக்கு என்ன தெரியும்? பள்ளியைப் பற்றிக் கேட்டால், “மணி அடிச்சா ஒரே ஓட்டம்தான்” என்பதற்கு மேல் அவள் வாய் திறந்ததில்லை.

“ஓட்டத்திலை முதல் பரிசு எண்டு போடுங்கோ.”

“அங்கிள், அது பொய்யாச்சே!”

“ஓடினது மெய்தானே!”

கார்ட்டருக்கு மெத்தச் சந்தோஷம். எந்த ‘ஹவுஸ்’, அதாவது எந்த விளையாட்டு இல்லத்தின் சார்பில் ஓடினார் என்று கேட்டு எழுதினார். ஹரிஷா அன்று சூரிச் போயிருந்தாள். பேர்சியே பதில் தட்டினார்: “வாடகை வீடு. இரண்டு அறை.”

அதை நல்ல பகிடியென்று எடுத்துக்கொண்ட கார்ட்டர், வெளியீட்டு விழாவில் பற்றிமாவுக்கு ஒரு கேடயம் என்று அறிவித்துவிட்டார். கணவர் வீடியோவில் வந்து நன்றி சொல்ல வேண்டுமாம்.

விழா நாளில் பேர்சி கலியாணக் கோட்டைப் போட்டுக்கொண்டு ஹரிஷாவின் கணினிக்கு முன்னால் இருந்தார். திரையில் மண்டபம் நிறைய வெள்ளைத் தலைகள். கேடயத்தில் அவள் பெயர் பளபளத்தது. செத்தவளின் பெயரில் களவெடுத்த பரிசு.

“பிள்ளை, சொல்லுங்கோ. பரிசு நான் சொன்ன பொய். அவ அங்கை படிச்சது மட்டும் சத்தியம். பேரை வெட்டிப்போடாதேங்கோ.”

ஹரிஷா சொன்னாள். பேர்சி பற்றிமாவின் பழைய படமொன்றைத் திரையில் காட்டினார். பள்ளி வாசலில், குளிருக்குக் கைகளைக் கட்டிக்கொண்டு நிற்கிற இருபது வயதுப் பெண்.

முன்வரிசையில் ஒரு கிழவி ஊன்றுகோலோடு எழுந்து, கமெராவுக்குக் கிட்ட வந்து படத்தை உற்றுப் பார்த்தாள். நெடுநேரம் பேசினாள்.

“என்னவாம் பிள்ளை?”

“அவங்க இந்த ஸ்கூல் சமையல்காரியாம் அங்கிள்… ‘என்கூட மூணு வருஷம் தட்டுக் கழுவின பொண்ணு இது, புருஷன் தன்னைப் படிச்சவள்னு ஊரெல்லாம் சொல்லிச் சந்தோஷப்படறார், அதை எப்படிக் கெடுக்கறதுன்னு வருஷா வருஷம் எனக்குக் கடிதம் போடுவா’ன்னு சொல்றாங்க.”