பூஜையில் வைத்த சீசா

ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கு நிதானம் ஜாஸ்தி என்று ஊருக்குள் ஒரு நம்பிக்கை இருக்கிறது. அதை நாலு பேர் முன்னால் கெடுத்தவள் நான்.

இரண்டாயிரத்தின் தொடக்க வருஷங்கள். புனேயில் ஓர் ஆய்வுக்கூடத்தில் பிஎச்.டி. மூன்றாம் வருஷம். கொழுப்பால் கண்ணுக்குத் தெரியாத உருண்டைகள் செய்து, அதற்குள் ஜீனைப் பொதிந்து, எலியின் வாலில் ஊசி போட வேண்டும். அது நுரையீரலுக்குப் போய்ச் சேர வேண்டும். போனதா என்று தெரிய, உள்ளே வைத்தது மின்மினிப் பூச்சியின் ஜீன். எந்த உறுப்பில் இறங்குகிறதோ அந்த உறுப்பு மினுக்கும். என் உருண்டைகளோ என்ன செய்தாலும் கல்லீரலுக்கே போயின. (பஸ்ஸில் தூங்கிப்போனவர் எப்போதும் கடைசி ஸ்டாப்பில் இறங்குவாரே, அந்த ரகம்.) அடுத்த வாரம் உதவித்தொகைக் கமிட்டி கூடுகிறது. நுரையீரல் மினுக்காவிட்டால் நான் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

அப்போது பார்த்து வந்தது சரஸ்வதி பூஜை. நாங்கள் கோயமுத்தூர்க்காரர்கள், குடியிருந்தது புனேயின் கோந்த்வாவில். போசரியில் பட்டறை வேலை பார்த்த அப்பா தன் வெர்னியர் அளவுகோலைப் பூஜையில் வைத்தார். தம்பி கணக்குப் புத்தகத்தை வைத்தான் (அவனுக்கு வருஷத்திலேயே பிடித்த நாள்). அம்மா என் பக்கம் திரும்பினாள்.

"உன்ற ஆயுதம் எங்க கண்ணு?"

"லேப்ல ஃப்ரிட்ஜ்ல இருக்குதும்மா."

"அட, போயி எடுத்துட்டு வா. இத்தன பாடும் அதுக்குத்தான?"

புத்தியுள்ள பெண் மறுத்திருப்பாள். நான் ஸ்கூட்டியில் பறந்தேன். அன்று காலையில்தான் அளந்து வைத்த சீசா. உருண்டைகள் எல்லாம் கச்சிதமான பொடிசு. ஐஸ் டப்பாவில் வைத்துக் கொண்டுவந்தேன். அம்மா ஐஸைக் கொட்டிவிட்டு, சீசாவுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, குத்துவிளக்கை ஒட்டி நிறுத்தினாள். பூஜையில் வைத்ததை மறுநாள் வரை தொடக்கூடாதே! நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன், தொடவில்லை.

விஜயதசமி காலையில் பார்த்தால் அடியில் ஏதோ படிந்திருந்தது. குலுக்கினேன், கலந்துவிட்டது. லேபுக்குப் போய் எலிகளுக்கு ஊசி போட்டேன். அவை கொஞ்ச நேரம் சோர்ந்து படுத்தன. பண்டிகை அலுப்பு என்று நினைத்துக்கொண்டேன் (ஆமாம், எலிக்குத்தான்). மறுநாள் சோதித்தால் நுரையீரல் ஜெகஜோதி!

"அரே வா!" என்றார் மராத்திக்காரரான என் கைடு. மூன்று வருஷத்தில் முதல்முறையாக எனக்கு ஒரு சாய் வாங்கித் தந்தார்.

கமிட்டியில் படம் போட்டுக் காட்டினேன். நாலு பேரில் ஒரு மேடம் மட்டும் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

"ஊசி போடறதுக்கு முன்னாடி உருண்டையோட அளவு பாத்தியா?"

"பாத்தேன் மேடம்."

"எப்போ?"

"பூஜைக்கு முன்னாடி."

வாயிலிருந்து வந்துவிட்டது. "எந்த பூஜை?" என்றார் மேடம். நான் சொன்னேன். மீதி சீசாவை எடுத்துவரச் சொன்னார். சந்தனமும் குங்குமமும் அப்படியே இருந்தன. துடைக்க மனசு வரவில்லை எனக்கு. கமிட்டியில் ஒருவர் பழக்க தோஷத்தில் கும்பிட்டேவிட்டார்.

அளவு பார்க்கும் கருவியில் வைத்தோம். அது கையை விரித்துவிட்டது. அத்தனை பெரிய கட்டிகள்! விளக்குச் சூட்டில் உருண்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. வாலில் போட்ட ஊசிமருந்து இதயத்தைத் தாண்டியதும் முதலில் நுழையும் குறுகலான சந்து நுரையீரலில்தான் இருக்கிறது. என் கட்டிகள் அந்தச் சந்தில் மாட்டிக்கொண்டன. நுரையீரலைத் தேடியெல்லாம் போகவில்லை. எனக்கு ஒரே அவமானம்.

ஆனால் ஒரு குறுகுறுப்பு. சும்மா இருக்க முடியவில்லை.

"மேடம், மாட்டிக்கிட்டாலும் ஜீன் செல்லுக்குள்ள இறங்கியிருக்கே. அது எப்படி?"

மேடம் அப்போதுதான் சிரித்தார். "எனக்கும் தெரியணும். ஆறு மாசம் தர்றோம், கண்டுபிடி. பூஜை இல்லாம."

கட்டிகள் நுரையீரல் சந்தில் மாட்டிக்கொண்ட கதையை வீட்டில் சொன்னபோது அம்மா அசரவில்லை. "நுரையீரலுக்குப் போகோணும்னு கேட்ட, சாமி அனுப்பீருச்சு. அளக்காம உட்டது நீயி."

பட்டம் வாங்கி, இப்போதும் கொழுப்பு உருண்டைதான் செய்கிறேன். ஊசிக்கு முன் இரண்டு தடவை அளக்கிறேன். போன வாரம் பிம்ப்ரி டிராஃபிக் நெரிசலில் ஒரு மணி நேரமாக மாட்டிக்கொண்டு நின்றிருந்தபோது அம்மா போன் செய்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் ஹாரன் சத்தம் அவளுக்குக் கேட்டுவிட்டது.

"எங்க கண்ணு, நுரையீரல்லயா?"

"ஆமாம்மா."