டிராக்டருக்கு நான் போட்ட மார்க்

இந்திய வேளாண்மை இத்தனை காலமாக யாருக்காகக் காத்திருந்ததோ, அந்த ஆள் நான்தான். அடக்கத்துடன்தான் சொல்கிறேன். திருச்சியில் இருபத்தாறு வருடமாகக் கல்லூரியில் கணக்கு நடத்துகிறேன். டிராக்டர் பக்கத்தில் நின்று ஒரு போட்டோகூட எடுத்துக்கொண்டதில்லை. ஆகவே என்னிடம் பாரபட்சத்துக்கு இடமே இல்லை.

ஜீயபுரத்தில் எங்கள் வாழைத் தோட்டத்தைக் குத்தகைக்குப் பார்ப்பவர் பிச்சமுத்து. உழவு மாட்டை விற்று மினி டிராக்டர் வாங்க முடிவு செய்திருந்தார்.

"ஆடிக் காத்துக்கு முன்னாடி வாழை அடியில மண் அணைக்கணும் சார். இல்லேன்னா எண்ணூறு வாழையும் சாஞ்சிடும். செவப்பு, நீலம், ஆரஞ்சுன்னு மூணு மாடல் இருக்கு. எது நல்லதுன்னு படிச்சவங்க நீங்க பாத்துச் சொல்லுங்க."

'படிச்சவங்க' என்றதில் நான் விழுந்துவிட்டேன். அன்றே என் தலைமையில் 'உயர்மட்ட மதிப்பீட்டுக் குழு' அமைந்தது. ஒரே உறுப்பினர் என் மனைவி அக்னஸ். அவளுக்கு ஓட்டு கிடையாது.

மூன்று மாடல்களுக்கும் பல்கலைக்கழக முறைப்படி வினாத்தாள் தயாரித்தேன். மொத்தம் எட்டு வினாக்கள். ஏதேனும் ஐந்துக்கு விடையளித்தால் போதும். கம்பெனி நோட்டீஸைப் பார்த்து நானே விடை எழுதி, நானே திருத்தினேன். சிவப்பு ஒல்லி, மூன்றடிதான் அகலம், டீசலும் கொஞ்சம்தான் குடிக்கும், ஆனால் பாரம் ஏற்றினால் முன்சக்கரம் தூக்கும். நீலம் பலசாலி; லோடோடு காவிரிக் கரை ஏறும், டீசல்தான் கட்டுப்படியாகாது. ஆரஞ்சோ சட்டென்று திரும்பும், சேற்றில் நாலு சக்கரமும் இழுக்கும், சீட்டு மெத்தென்று இருக்கும், செல்போனுக்குச் சார்ஜ் வேறு போடலாம். அதற்கு 'டிஸ்டிங்ஷன்' கொடுத்தேன்.

"அது வாழை வரிசைக்குள்ள போகுமாங்க?" என்று கேட்டாள் அக்னஸ்.

"அது ஏழாவது கேள்வி. ஆரஞ்சு அதைச் சாய்ஸ்ல விட்டுடுச்சு. விதிப்படி நாம கேக்கக் கூடாது."

பிச்சமுத்து ஆரஞ்சை வாங்கி, மாலை போட்டு, தோட்டத்துக்கு ஓட்டி வந்தார். வரப்பிலேயே வண்டி நின்றது. வரிசைக்கு நடுவே இடம் மூன்றரை அடி. வண்டி நாலடி.

"நீங்க அளந்திருப்பீங்கன்னு நெனச்சேன் சார்" என்றார். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு இவ்வளவு வெட்கமாக இருந்திருக்காது.

ஓடிய வண்டியைத் திரும்ப எடுக்க முடியாது என்று சொல்லி, கம்பெனியில் ஒரு சர்வீஸ் இன்ஜினியரை அனுப்பினார்கள். அவர் என்னைப் பார்த்ததும் கும்பிட்டார்.

"சார், நான் உங்க ஸ்டூடண்ட் ஜெயக்குமார்."

"சக்கரத்த உள்பக்கமாத் தள்ளி அகலத்தக் கொறைக்க முடியுமா தம்பி?" என்று பிச்சமுத்து கேட்டார்.

ஜெயக்குமார் சக்கரத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "சில மாடல்ல முடியும்ங்க. இதுல முடியுமான்னு தெரியல. டிரெயினிங்ல அந்தச் சாப்டரைச் சாய்ஸ்ல விட்டுட்டேன். அஞ்சு படிச்சாப் போதும்னு சார்தான் சொல்லிக் குடுத்தாங்க."

இருபத்தாறு வருடமாக வகுப்பில் நான் திரும்பத் திரும்பச் சொன்ன வாக்கியம் அது. அதையாவது ஒரு மாணவன் மறக்காமல் வைத்திருக்கிறான். வாழை இலைகள் ஒரு பக்கமாகப் படபடக்கத் தொடங்கியிருந்தன. காற்று வந்துவிட்டது.

பிச்சமுத்து தன் செல்போனை டிராக்டரில் சார்ஜுக்குப் போட்டார். கொட்டகையிலிருந்து மூன்று மண்வெட்டிகளை எடுத்து வந்து, ஒன்றை ஜெயக்குமாரிடமும் ஒன்றை என்னிடமும் நீட்டினார்.

"நாம மூணு பேரு, எண்ணூறு வாழை. இதுல சாய்ஸ் கெடையாது சார்."