மரியாதை தெரிந்த டப்பா

மேகமலைச் சாலை மழையில் சரிந்துவிட்டது. தேயிலைத் தோட்டத்து லயன் வீட்டுச் சனங்கள் அரிசி மூட்டையைத் தலையில் சுமந்து மலையேறினார்கள். அதிகாரி நேரில் பார்த்தால்தான் சீர்செய்யும் வேலை தொடங்கும். சாலை ஆய்வு அதிகாரி சுருளிராஜன் உடனே செயலில் இறங்கினார். காருக்கு வழிகாட்டும் கருவி வாங்கக் கிளம்பினார்.

பழனிசெட்டிபட்டியில் கடை வைத்திருந்த பிரின்சி ஒன்றைப் பேசவிட்டாள்.

“இடப்பக்கம் திரும்பு.”

சுருளிராஜனுக்கு முகம் சிவந்தது. “யாரைப் பாத்து திரும்புங்குது? நான் கெசட்டட் ஆபீசரும்மா.”

அடுத்தது, “திரும்பவும்” என்றது.

“இது மெமோ பாஷை. மேலதிகாரிதான் இப்படிப் பேசுவாக. ஒரு டப்பா எனக்கு உத்தரவு போடலாமா?”

பிரின்சி உள்ளே போய் மூன்றாவதை எடுத்து வந்தாள்.

“மதிப்பிற்குரிய ஐயா அவர்களின் மேலான சமூகத்திற்குப் பணிந்து தெரிவித்துக்கொள்வது யாதெனில்…”

சுருளிராஜனுக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் வீட்டில்கூட யாரும் இப்படிப் பேசியதில்லை. “இதையே குடும்மா.”

மறுநாள் டிரைவர் பொன்னுராஜ் வண்டியை எடுத்தார். சின்னமனூரில் மலைக்குத் திரும்பும் இடம் நெருங்கியதும் கருவி தொடங்கியது. வணக்கம் வைத்தது, நலம் விசாரித்தது. “இடப்பக்கம் ஒரு சாலை இருப்பதாக அறியப்படுகிறது. ஐயா அவர்கள் திருவுளம் கொண்டால்…”

“அய்யா, திருப்பம் போயிருச்சு.”

“அது பேசி முடிக்கலையேப்பா. மரியாதையாப் பேசுறப்ப குறுக்க பூந்து திரும்புறதா? நேரா போ.”

அனுமந்தன்பட்டியில்தான் அது பேசி முடித்தது. திரும்பிப் போகச் சொல்லி அவர் மனதைப் புண்படுத்தவில்லை. “ஐயா அவர்கள் செல்லும் வழியே சரியான வழி.”

கம்பம் போனது, கூடலூர் போனது, மலையேறி கேரள எல்லைச் செக்போஸ்ட்டும் போனது. “ஐயா அவர்கள் வந்து சேர்ந்த இடமே சேர வேண்டிய இடம்” என்று கருவி முடித்துக்கொண்டது.

சாலை கண்ணாடிபோல் இருந்தது. டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்து, “சாரே, இது குமுளியாணு” என்றார்.

சுருளிராஜன் நிதானமாக யோசித்தார். கருவி மரியாதையில் ஒரு குறையும் வைக்கவில்லை. தானோ ஓர் அதிகாரி. ஆகவே, தவறு குமுளியுடையது.

அவர் அனுப்பிய அறிக்கை: ‘மேகமலைச் சாலை நேரில் ஆய்வு செய்யப்பட்டது. சரிவு ஏதும் தென்படவில்லை. மலையாளப் பலகைகளை மட்டும் அகற்றலாம்.’

லயன் வீட்டு மலையம்மாள் ஆபீசுக்கு இறங்கி வந்தாள். “அய்யா, நீங்க அங்கன வரவே இல்லையே!”

“வந்தேன் ஆத்தா. டீகூடக் குடிச்சேனே.”

விஷயம் தெரிந்து தேனியே வயிறு வலிக்கச் சிரித்தது. சிரித்து முடித்தவர்கள் ஒவ்வொருவராகப் பிரின்சி கடைக்குப் போனார்கள், சும்மா பார்த்துவிட்டு வரத்தான். இன்று அந்தக் கருவி இல்லாத கார் இந்தப் பக்கம் அபூர்வம். முகூர்த்தத்துக்குக் கிளம்பிய மாப்பிள்ளைகள் போடியில் திரிகிறார்கள். புகார் என்று ஒருத்தரும் வாய் திறக்கவில்லை.

மலையம்மாள் மட்டும் கொதித்துப்போய்க் கடைக்கு வந்தாள். “எங்கடி அந்தச் சனியன் பிடிச்ச டப்பா? இன்னைக்கு ஒடைக்காம விட மாட்டேன்.”

பிரின்சி அவள் பெயரைக் கருவியில் பதிந்து பொத்தானை அமுக்கினாள்.

“மதிப்பிற்குரிய மலையம்மாள் அவர்களின் மேலான சமூகத்திற்கு…”

மலையம்மாள் ஓங்கிய கையைத் தாழ்த்தினாள். முந்தானையைச் சரிசெய்துகொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

“தாயி, இன்னொருக்கா சொல்லச் சொல்லு.”