யூகோ காற்றில் எழுதிய வேலைநீக்கம்

கொமிஷா துறைமுகம்,
புதன்கிழமை

பெருமதிப்பிற்குரிய மச்சான் வின்கோ அவர்களுக்கு,

உங்கள் தங்கை ஸ்லாவிட்சா நலம். நானும் நலம் என்றே எழுதி வைக்கிறேன். உங்கள் முட்டிவலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

ஓய்வு பெற்றதும் பாய்மரப் படகு ஒன்றை ஒரு வாரத்துக்கு வாடகைக்கு எடுத்து, நானே சுக்கான் பிடிக்க வேண்டும் என்பது என் முப்பது வருஷத்து ஆசை. கடலே இல்லாத வராஷ்டினில் பூகோள வாத்தியாராக இருந்து, இந்தக் கடலை வரைபடத்தில் குச்சியால் மட்டுமே தொட்டவன் நான். படகோட்டும் லைசென்ஸும் இருக்கிறது. "பெஞ்சுல உட்கார்ந்து வாங்கின லைசென்ஸை நம்பி நான் ஏற மாட்டேன்" என்று உங்கள் தங்கை சொல்ல, நீங்கள் சிபாரிசு செய்த தோன்கா அம்மாளைப் படகோட்டியாக அமர்த்தினேன். அன்றோடு என் படகில் நானே மூட்டையாகிவிட்டேன். பெரிய அறை அவருக்கு. படகோட்டிக்கு நாம்தான் சாப்பாடு போட வேண்டும், ஒப்புக்கொள்கிறேன்; ஆனால் ஊரிலிருந்து சுமந்து வந்த தொத்திறைச்சியைப் பார்த்து, "கடலுக்கு வந்து பன்னிக்கறியா, வாத்தியாரே?" என்று பக்கத்துப் படகுக்காரருக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டு, என்னை உருளைக்கிழங்கு உரிக்க உட்கார்த்திவிட்டார். சுக்கான் பக்கம் போனாலே, "கிழங்கு முடிஞ்சுதா?" என்று ஒரு குரல். திங்கள் முதல் யூகோ வேறு. தெற்கிலிருந்து ஈரத்தோடு வீசும் அந்தக் காற்றில் தலை கனக்கிறது, ரொட்டி நமுத்துப்போகிறது, படகு கரையை விட்டு அசையவில்லை. சனிக்கிழமை படகைத் திருப்பித் தரணும் மச்சான், நான் இன்னும் சுக்கானைத் தொடக்கூட இல்லை. நேற்றுப் பொறுமை போய், "நாளைக்கு நானே ஓட்டிக்கிறேன், நீங்க கிளம்பலாம்" என்றேன். அவர் காபிக் கோப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"யூகோ வீசும்போது நாங்க சம்பந்தம் பேச மாட்டோம், கோர்ட்டுக்குப் போக மாட்டோம், ஆளை வேலையை விட்டு நிறுத்தவும் மாட்டோம். இந்தக் காத்துல எடுத்த முடிவு செல்லாது. காத்து மாறட்டும், அப்புறம் விரட்டுங்க."

"தோன்கா அக்கா சொல்றதும் சரிதானே" என்றாள் உங்கள் தங்கை.

உங்கள் பேச்சைத்தான் அந்த அம்மாள் கேட்பார். இதை உங்கள் ஊர்ப் பக்கம் வரும் மாலைக் கப்பலில் கொடுத்தனுப்புகிறேன். வெள்ளிக்கிழமைக்குள் நீங்களே வந்து அவரை அனுப்பிவிட்டு, எனக்கு ஒரு மணி நேரமாவது சுக்கானை வாங்கித் தாருங்கள். களைத்துவிட்டேன்.

உங்கள் வீட்டு அக்காவுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு. எல்லோரும் நீடூழி வாழ்க.

படகின் கிழங்கு இலாகாவிலிருந்து,
ஸ்ரெச்கோ

பின்குறிப்பு (வியாழன்): யூகோவினால் நேற்றுக் கப்பல் ஓடவில்லை, கடிதம் என் பையிலேயே கிடந்தது. இன்று காலை காற்று மாறிவிட்டது. தோன்கா அம்மாள் கயிற்றை அவிழ்த்து, படகைத் துறைமுகத்துக்கு வெளியே கொண்டுபோய், "இப்ப சொல்லுங்க வாத்தியாரே, நான் போகட்டுமா?" என்று கேட்டபடியே சுக்கானை என் கையில் கொடுத்துவிட்டார். இரண்டு மணி நேரம், மச்சான்! அழுதுவிட்டேன். மேலே எழுதியது அத்தனையும் யூகோவில் எழுதியது, செல்லாது. நீங்கள் வர வேண்டாம். இன்றைய கிழங்கை அவரே உரித்தார்.