நிர்மலாதேவி வாயைக் கட்டிய வாரம்

“நல்லா பாருங்கம்மா. உங்களுக்குத் திருப்தியா இருந்தா வாங்கிக்குங்க,” என்றாள் நிர்மலாதேவி.

சங்கரா மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்த அம்மாள் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். பத்து வருஷ வாடிக்கை அவள். பத்து வருஷமும், “கைய எடு, அது என்ன உன் புருஷன் சட்டப்பையா?” என்று நிர்மலா திட்டுவதைக் கேட்டுக்கொண்டேதான் மீன் வாங்கியிருக்கிறாள். இப்போது மீனை, வெடித்துவிடப் போகிற பொருளைப் போல, மெதுவாகக் கீழே வைத்தாள்.

“எத்தினி நாளு ஐஸ்ல கெடந்துச்சு?”

“காலைல வந்ததுங்கம்மா.”

“ங்கம்மாவா?” என்றபடி அவள் அடுத்த கடைக்கு நகர்ந்தாள்.

பெரிய மார்க்கெட்டின் மீன் பக்கத்தில் நிர்மலாதேவியின் வாய்க்குத் தனிப் பெயர் உண்டு. அந்த வாய்க்குப் பயந்தே மகன் ராஜ்கமலுக்கு மூன்று சம்பந்தங்கள் முறிந்திருந்தன. நாலாவதாக மூலக்குளத்திலிருந்து தீபலட்சுமி என்ற பெண்ணின் போட்டோ வந்திருந்தது. பெண் வீட்டார் முறையாகப் பேச வருவதற்கு முன்னால், மீன் வாங்குகிற மாதிரி யாராவது ஒருவர் வந்து நின்று மாமியார்க்காரியை எடை போடுவார்கள். அதுதான் வழக்கம்.

“ஒரே ஒரு வாரம்மா. மனுஷியாட்டம் பேசு. எனக்கு முப்பத்திரண்டு ஆவுது,” என்று கையெடுத்துக் கும்பிட்டிருந்தான் ராஜ்கமல்.

இரண்டாம் நாளே செய்தி பரவிவிட்டது: நிர்மலா கனிவாகப் பேசுகிறாள், அதனால் மீன் பழசு. விலையைக் குறைத்தாள். சந்தேகம் ஊர்ஜிதமானது. சிரித்துப் பார்த்தாள். பக்கத்துக் கடைக் கொளஞ்சி ஓடி வந்தாள்.

“யக்கா, வாய் ஒரு பக்கமா போவுதே. ரெண்டு கையையும் மேல தூக்கு பாப்போம்.”

“எனக்கு ஒண்ணுமில்லம்மா, கொளஞ்சி.”

“என்னைய ‘அம்மா’ங்கிறா. யாராச்சும் ஆட்டோவக் கூப்புடுங்க, பெரியாஸ்பத்திரிக்குப் போவணும்.”

ஆட்டோவைத் திருப்பி அனுப்புவதற்குள் அரை நாள் போயிற்று.

இதற்கு நடுவே ஒரு பெண். முதல் நாளிலிருந்தே வருகிறாள். ஸ்கூட்டி ஓட்டுகிறவர்கள் கட்டுவதுபோல முகம் முழுக்கத் துப்பட்டா, கண் மட்டும் வெளியே. கால் கிலோ நெத்திலி வாங்கிவிட்டு, தூணோரம் அரை மணி நேரம் நின்று கேட்டுக்கொண்டே இருப்பாள்.

இதுதான் ஆள் என்று நிர்மலாதேவிக்குப் புரிந்துவிட்டது. அவளைக் கண்டாலே குரலில் சர்க்கரையைக் கொட்டினாள். “வா கண்ணு, சாப்டியா கண்ணு” என்று ஒரு கை நெத்திலி கூடுதலாக அள்ளிப் போட்டாள். ஆனால் இவள் எவ்வளவு குழைந்தாளோ அவ்வளவு அந்தக் கண்கள் சோர்ந்துபோயின. ஆறாம் நாள் அவை கிட்டத்தட்ட அழுதுவிட்டன. இன்னும் கனிவு போதவில்லையா? இதற்கு மேல் கனிய மனுஷ ஜென்மத்தால் ஆகுமா? அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

ஏழாம் நாள் ஹெல்மெட் போட்ட ஆள் ஒருவன் வஞ்சிரத்தின் கண்ணில் கட்டைவிரலை வைத்து அழுத்தினான். நிர்மலாதேவி பல்லைக் கடித்துக்கொண்டு மனசுக்குள் பத்து வரை எண்ண ஆரம்பித்தாள். ஏழு வரும்போது அவன் கேட்டான்: “உனக்கு வாய் இழுத்துக்கிச்சாமே, பாதி விலைக்குத் தருவியா?”

“அந்த ஹெல்மெட்டு யாருக்குடா, உள்ள தலை இருக்கிறவனுக்கு. நீ எதுக்குடா மாட்டிக்கிட்டுத் திரியுற?” என்று தொடங்கியது அந்த வாய். அவன் கட்டைவிரலுக்குப் போய், அவனுக்குச் சோறு போடுகிறவளுக்காக இரக்கப்பட்டு, அவன் அப்பா வழியாகத் தாத்தாவரை ஏறி, மூச்சு வாங்கத்தான் நின்றது.

“அக்காக்கு சரியாயிடுச்சு,” என்று கொளஞ்சி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பழைய வாடிக்கையெல்லாம் திரும்பி வந்தது. பத்து நிமிஷத்தில் கூடை காலி.

அப்போதுதான் தூணோரம் பார்த்தாள். அந்தப் பெண் செல்போனை நீட்டிப் பிடித்தபடி நின்றிருந்தாள். எல்லாம் பதிவாகியிருக்கும்.

நிர்மலாதேவி தூணோரம் ஓடினாள். “கண்ணு, அத அழிச்சிடும்மா. நான் மாறிக்கிட்டுத்தான் இருக்கேன். முப்பது வருஷத்து வாயி, ஒரு வாரத்துல அடங்குமா? இன்னும் ஒரு ஆறு மாசம் குடு. பையனுக்கு வயசு ஏறுது.”

அவள் துப்பட்டாவை அவிழ்த்தாள். போட்டோவில் பார்த்த அதே முகம். தீபலட்சுமியேதான்.

“அந்த ஆளத் திட்டுனத கொஞ்சம் மெதுவா இன்னொரு தரம் சொல்லுங்க அத்தை,” என்றாள் காதில் விழுந்தும் விழாத குரலில். “உங்க வீட்டுக்கு வந்தா உங்களுக்குப் பதில் சொல்ல ஒரு வாய் வேணும்னு, கத்துக்கத்தான் ஒரு வாரமா வந்து நிக்கிறேன். நீங்க இன்னிக்குத்தான் பாடத்தையே ஆரம்பிச்சீங்க.”