பொடி வைத்து ஊதிய கம்ப்யூட்டர்

பஃபலோ ரோடு, சிங்கப்பூர்
2.9.1984

புக்கிட் பாஞ்சாங் வாழும் பரமசிவம் மாமா அவர்களின் மேலான சமூகத்திற்கு, மருமகன் கதிரேசன் தரையில் விழுந்து (கீழே பாய் விரித்துக்கொண்டுதான்) வணங்கி எழுதுவது.

முதலில் ஒரு முக்கிய அறிவிப்பு. எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையின் ஆடுகிற காலுக்கு இத்தனை மாதம் முட்டுக்கொடுத்து வந்த கம்ப்யூட்டர் விளக்கப் புத்தகம் இன்று காலை பணி ஓய்வு பெற்றது. அதனால் ரசம் கொட்டிய அப்பாவின் வேட்டிக்கு ஆழ்ந்த அனுதாபங்கள். மற்றபடி இங்கே எல்லாரும் நலம். அங்கே அத்தை, உங்கள் செல்ல மகள் சிவகாமசுந்தரி, அவளுடைய கணக்கு மார்க்கு மூவரும் நலமாக இருக்கட்டும்.

"போன்ல பேசினா சிரிக்க வச்சே ஏமாத்துவே, இங்கிலீஷ்ல எழுதினா அளந்து விடுவே. எதுன்னாலும் தமிழ்ல எழுது, அப்பதான் உனக்குப் பொய் வராது" என்று நீங்கள் உத்தரவு போட்டதால்தான் இந்தக் கடிதம்.

கம்ப்யூட்டரை எனக்கு இரவல் கொடுத்த அன்று நீங்கள் சொன்னது நினைவிருக்கிறதா? "பதினாறு கே தான்லா. மெமரிய போர்டுலயே சால்டர் பண்ணிட்டான், ஏத்தவே முடியாது. மூடியத் தொறந்தே, மறுநாளே இது சிவகாமிக்கு!" மாமா, நீங்கள் ஜூரோங் தொழிற்சாலையில் நாள் முழுக்க சர்க்யூட் பலகை சோதிக்கிறவர், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் என் மண்டைக்குள் இருப்பதும் ஆண்டவன் நிரந்தரமாகப் பற்றவைத்ததுதானே? அதற்கு மட்டும் அம்மா தினமும் வல்லாரையை அரைத்து ஊற்றி ஞாபகசக்தி ஏற்றப் பார்க்கிறாள், நீங்களும் "குடிடா" என்கிறீர்கள். எனக்கு ஒரு நியாயம், பலகைக்கு ஒரு நியாயமா?

நான் கம்ப்யூட்டரில் எழுதிய பஸ் விளையாட்டு அடுத்த மாதம் பள்ளிக் கண்காட்சிக்குப் போக வேண்டும். தேக்காவில் ஏறி கிராஞ்சியில் இறங்கினால் வெற்றி. புக்கிட் தீமா தாண்டுவதற்குள் மெமரி தீர்ந்து பஸ் நின்றுவிடுகிறது. கிராஞ்சி பஸ் நிஜத்திலும் அப்படித்தான் என்றாலும், ஆசிரியர் அதைக் கலை என்று ஒத்துக்கொள்ள மறுக்கிறார். ஆகவே துணிந்தேன். என் வகுப்புத் தோழன் ரவூப்பின் அண்ணன் வைத்திருக்கும் ரிப்பேர் கடையில் செத்துக் கிடந்த வீடியோ கேம் பெட்டியிலிருந்து மெமரி சிப்புகள் கிடைத்தன. சால்டரிங் அயன் இல்லை, அதனால் என்ன? பொற்கொல்லர் மகனுக்குப் பற்றவைப்பு சொல்லித்தர வேண்டுமா? அப்பா சாப்பிடப் போன நேரம் கீழே பட்டறைக்குப் போய் விளக்கை ஏற்றி, வெண்காரம் தடவி, நகை ஒட்டும் பற்றுப்பொடி தூவி, ஊதுகுழலை வாயில் வைத்து ஒரே ஊது. தோட்டுக்குத் திருகாணி சரிசெய்ய வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்த பூக்கடைப் பூவம்மாக்கா எட்டிப் பார்த்து, "என்னடா தம்பி, பூரானையெல்லாம் வாட்டுறே?" என்றார். "பூரான் இல்லக்கா, மெமரி." "கால் காலா இருக்கேடா!" "ஞாபகம் ஓடி வரணும்ல, அதுக்குத்தான் கால்." அக்கா பெஞ்சைச் சற்றுத் தள்ளிப் போட்டுக்கொண்டார். பழைய பூரான்கள் கழன்றன, புதியவை அமர்ந்தன. நாற்பத்தெட்டு கே, மாமா! டிவி திரையில் அந்த எண் பளிச்சென்று தெரியும் போலராய்டு போட்டோ இதனுடன் இருக்கிறது. முடியாது என்ற சொல்லை நீங்கள் வாபஸ் வாங்கலாம். மூடியைத் திறந்தேன்தான். திறக்காதவன் எதைக் கண்டான்? கம்ப்யூட்டர் எனக்கே என்று இதன்மூலம் பிரகடனம் செய்கிறேன்.

அத்தைக்கு என் வணக்கம். சிவகாமசுந்தரிக்கு என் அனுதாபம். வீரமாகாளியம்மன் எல்லாரையும் காக்கட்டும், கண்காட்சி முடியும்வரை என்னைக் கொஞ்சம் கூடுதலாக.

அன்பு மருமகன்,
கதிரேசன்

பின்குறிப்பு: தமிழில் பொய் வராது என்றீர்களே, மேலே வந்துவிட்டது. போட்டோவில் தெரியும் நாற்பத்தெட்டு, அம்மாவின் கோலப்பொடியைக் கரைத்து நான் திரையில் எழுதியது. பழைய சிப்புகள் கழன்றது நிஜம், ஆனால் பலகையிலிருந்த செம்புக் கோடுகளும் சேர்ந்து உரிந்து வந்துவிட்டன. கம்ப்யூட்டர் இப்போது மூச்சே விடுவதில்லை. அப்பா வந்து பார்த்துவிட்டு, "பொடி போட்டு ஊதினியா? தாலியாடா அது, ஜென்மத்துக்கும் ஒட்டிக்கிட்டுக் கெடக்க?" என்றார். அதோடு போயிருக்கும். பூவம்மாக்கா பட்டறை மேசையில் கழற்றி வைத்திருந்த திருகாணியைக் காணோம் என்று பட்டறையையே புரட்டியபோதுதான் அது பலகையில் ஈயத்தோடு ஈயமாக ஒட்டிக்கொண்டிருப்பது தெரிந்தது. "பலகையோட மூசையில போட்டு உருக்கினா தங்கம் தன்னால வந்துடும்" என்று அப்பா நாளை மறுநாள் அடுப்பை மூட்டச் சொல்லிவிட்டார். மாமா, தயவுசெய்து உங்கள் சால்டரிங் அயனோடு உடனே வாருங்கள். பிழைத்தால் சிவகாமசுந்தரியே வைத்துக்கொள்ளட்டும், கண்காட்சிக்கு மட்டும் ஒருநாள் எனக்குக் கொடுத்தால் போதும். அவளிடம் ஒன்று சொல்லிவிடுங்கள். மெமரி ஏறவில்லை என்றாலும், இன்றைய தேதியில் அதன்மேல் ஒரு குண்டுமணித் தங்கமாவது ஏறியிருக்கிறது.