சாக்குக்கு ரெண்டு கிலோ

தேவமாதா துணை

அன்புத் தங்கை அகஸ்டினாவுக்கு, நமுனுகுல தோட்டத்திலிருந்து உன் அண்ணன் யாகோப்பு, யாரையும் கெஞ்சி எழுதுவிக்காமல் தன் கையாலேயே எழுதுவது. நான் சுகம். நீயும் பிள்ளைகளும் சுகமாயிருக்க மாதாவை வேண்டுகிறேன். இவ்வளவு எழுத ஒரு காலைப்பொழுது ஆனது. எழுத்து எவ்வளவு அழகு பார்த்தாயா? செய்திதான் அழகில்லை.

நான் விமானத்தில் வரவில்லை. உன் கூரைமேல் பறக்கும்போது ஆட்டிக் காட்ட எடுத்துவைத்த சிவப்புச் சீலையை மடித்து உள்ளே வை.

என் மகன் றொபின்சனும் அவன் கூட்டாளி ஷுக்ரியும் மூடிக் கிடக்கும் தேயிலைத் தொழிற்சாலையில் மூன்று வருடமாகக் கட்டும் மோட்டார் கிளைடர் உனக்குத் தெரியும், மோட்டாரால் மேலே ஏறி, பிறகு அதை அணைத்துவிட்டுப் பருந்து மாதிரி மிதக்கும், இரண்டு இருக்கை, முன்னால் அவன், பின்னால் நான், முதல் பயணம் பண்டாரவளையில் உன் வீட்டுக்கு மேலே, பிறகு இன்னும் நான்கு செய்து எல்லவுக்குச் சுற்றுலா வரும் வெள்ளைக்காரரை ஏற்றலாம் என்று திட்டம். ஒவ்வொரு பாகத்தையும் நிறுத்து எழுத ஆள் வேண்டும் என்றார்கள். எனக்குத்தான் இப்போது எழுத வருமே! தேயிலைக் கொழுந்து நிறுக்கும் தராசில் நாற்பத்தொரு பாகத்தையும் நானே நிறுத்துக் கொப்பியில் எழுதினேன். நேற்று கொழும்பிலிருந்து ஒரு எஞ்சினியர் ஐயா வந்து முழு விமானத்தையும் ஒன்றாக நிறுத்துப் பார்த்தார். கொப்பியில் உள்ளதைவிட எண்பத்திரண்டு கிலோ கூட.

றொபின்சன் என்னிடம் வந்தான். “அப்பா, தராசு காட்டினதைத்தானே எழுதினீங்க?”

“ரெண்டு கிலோ கழிச்சுட்டு எழுதினேன்டா. சாக்குக்கு.”

“றெக்கைக்கு ஏதுப்பா சாக்கு?”

“நாப்பது வருஷமா தோட்டத்துல நம்ம கொழுந்தை நிறுக்கிறப்ப சாக்குக்குன்னு ரெண்டு கிலோ கழிச்சாங்களே! நிறுக்கிற முறையே அதான்டா!”

ஷுக்ரி தரையில் உட்கார்ந்து சிரித்தான். “மாமா, அப்படியே எங்க மேலயும் ரெண்டு ரெண்டு கிலோவாக் கழிச்சு விடுங்க, பறந்துருவோம்!”

இனி ஒருவருக்குத்தான் இடம் என்று எஞ்சினியர் ஐயா சொல்லிவிட்டார். நான் அழுதுவிட்டேன் தங்கச்சி. எந்த ரெண்டு கிலோவைக் காலமெல்லாம் திட்டினேனோ, அதையே என் கையால் கழிச்சு, என் சீட்டையும் சேர்த்துக் கழிச்சுட்டேனே. வானம் எங்கே, நான் எங்கே. பஸ்ஸில்தான் வருவேன்.

மச்சானுக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம், ஒன்றும் கழிக்காமல் முழுசாக.

உன் அண்ணன்,
யாகோப்பு

பி.கு.: சீலையை வெளியே எடு. விமானம் தன் எடைக்கு மேல் இன்னும் ஐம்பத்து நான்கு கிலோதான் தூக்குமாம். றொபின்சன் எண்பத்தெட்டு. ஷுக்ரி அதற்கும் மேல். நான் நாற்பத்தெட்டு. ஆகவே நானே ஓட்டி வருகிறேன். றொபின்சனிடம் இன்னும் சொல்லவில்லை. ஓட்டும் முறையை அவன் தமிழில் எழுதிவைத்த கொப்பி என் தலையணைக்கு அடியில் இருக்கிறது. இறங்குவது எப்படி என்பது பதினேழாம் பக்கம். நான் இப்போது இரண்டாம் பக்கத்தில் இருக்கிறேன்.